பஞ்சாங்கம் பார்த்து ஓட்டிய படகு

1

போன மாதம் கொழும்பு வழியாக எனக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் ஊரில் எங்களுக்கு நாலு வளவு தள்ளி இருப்பவர். நான் லண்டனுக்கு வந்த இந்தப் பதினைந்து வருடத்தில் அவர் எனக்கு எழுதிய முதல் கடிதம் அது. முதல் வரியில் என் சுகம் கேட்டிருந்தார். இரண்டாவது வரியில் தன் சுகம் சொல்லியிருந்தார். மூன்றாவது வரியில் விஷயத்துக்கு வந்துவிட்டார். நான் இங்கே கப்பல் வாங்கியிருப்பதாக ஊரில் கதையாம். அந்தக் கப்பலில் தன் இளைய மகனுக்கு ஓர் இடம் ஒதுக்க ஏலுமோ? பையனுக்குக் கடல் வாந்தி ஒன்றும் கிடையாது.

இது மூன்றாவது விண்ணப்பம். இதற்கு முதல் எழுதியவர் கப்பல் எத்தனை தட்டு என்று கேட்டிருந்தார். இப்படியே விட்டால் அடுத்த வருடம் எனக்குத் துறைமுகமும் இருப்பதாகச் சொல்வார்கள். ஆகவே உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன். ஊரில் எல்லாரும் வாசிக்கலாம்.

என்னைத் தெரியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. நான் ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. லண்டனுக்கு வந்து பெற்றோல் ஷெட்டில் நின்றேன், ஹோட்டலில் கோப்பை கழுவினேன், பிறகு குட்மேய்ஸில் கடை போட்டேன். இன்றைக்கு அந்தத் தெருவில் செல்லத்துரை கடை என்று கேட்டால் பொலிஸ்காரனும் கை காட்டுவான். என்னிடம் வேலை செய்தவர்களில் இரண்டு பேர் பட்டதாரிகள். வெங்காயச் சாக்கை முதுகு பிடிக்காமல் தூக்குவது எப்படி என்று அவர்களுக்கு நான்தான் படிப்பித்தேன். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

என்னிடம் இருப்பது கப்பல் அல்ல. இருபத்துநாலு அடிப் பாய்ப்படகு.

2

படகு ஆர்தர் என்ற வெள்ளைக்காரருடையது. தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். சனிக்கிழமை தோறும் கடைக்கு வந்து காரம் கூடின கறித்தூள் வேண்டும் என்பார். அடுத்த சனிக்கிழமை வந்து காரம் கூடிவிட்டது என்பார். ஒரு நாள் முழங்கால் நோவு என்றும் இனிப் படகு ஓட்ட ஏலாது என்றும் கண் கலங்கினார். நானும் பழைய கடல்காரன் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அடுத்த ஞாயிறு படகைக் காட்ட என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். அவர் கேட்ட விலையைக் கொடுத்தேன். பேரம் பேசாமல் நான் வாங்கிய பொருள் என் ஆயுளில் அது ஒன்றுதான்.

படகு நின்ற ஊருக்குப் பேர்ணம் என்று பெயர். குட்மேய்ஸில் இருந்து கிழக்கே ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஓட வேண்டும். ஒரே ஒரு பெரிய தெரு, நடுவில் ஒரு மணிக்கூட்டுக் கோபுரம். தெருவுக்குப் பின்னால் குரவுச் ஆறு. ஆற்றில் தண்ணீர் தெரியாத அளவுக்குப் படகுகள். காற்று அடித்தால் கயிறெல்லாம் பாய்மரத்தில் தட்டுப்படும். ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் தேத்தண்ணீர்க் கோப்பைக்குள் கரண்டி போட்டுக் கலக்குவது போல ஒரு சத்தம்.

அங்கே ஆட்களைப் பார்த்தால் நீங்கள் ஏமாந்து போவீர்கள். வெளிறின சிவப்புக் காற்சட்டை, முழங்கை கிழிந்த சுவெற்றர். என் கடைக்கு அந்தக் கோலத்தில் வந்தால் பிஸ்கற் அலுமாரிப் பக்கம் ஒரு கண் வைத்திருப்பேன். விசாரித்தால் ஒருவர் நீதிபதி, ஒருவர் கண் டொக்டர். கிழமை முழுக்கக் கதிரையில் இருந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை முட்டுக்காலில் நின்று தளம் உரஞ்சுகிறார்கள். கயிறு இழுத்துக் கை தடித்தால் ஒருவருக்கொருவர் காட்டிப் பெருமைப்படுகிறார்கள். இதற்குச் சந்தா வேறு. கிளப்பில் சேர இரண்டு பேர் சிபாரிசு செய்யவேண்டும். எங்கள் ஊரில் இந்த வேலைக்கு ஆள் பிடிக்க முதலாளிமார் முற்பணம் கொடுத்தார்கள்.

கிளப்பில் என்னை ஆர்தர் அறிமுகம் செய்தபோது ஒரு கிழவர் எழுந்து கை தந்தார். தன் பாட்டன் அந்த ஆற்றில் சிப்பி வாரினவர் என்றார். அதை அவர் சொன்ன விதத்தைப் பார்த்து, பாட்டன் ஏதோ பட்டம் வாங்கினவர் என்று முதலில் நினைத்தேன். நான் எங்கே படகு பழகினேன் என்று கேட்டார். தகப்பனோடு தோணியில் என்றேன். அறையில் நின்றவர்கள் எல்லாரும் என்னை மரியாதையாகப் பார்த்தார்கள். எங்கள் ஆட்களின் கலியாண மண்டபத்தில் இதே பதிலைச் சொல்லிப் பாருங்கள். பக்கத்துக் கதிரை காலியாகும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். இந்த நாட்டில் ரெலிவிஷன் பார்க்க லைசென்ஸ் வேண்டும். சாராயம் விற்க லைசென்ஸ். வடை சுட்டு விற்றால் கவுன்சில்காரன் வந்து சட்டிக்கு அடியில் ரோச் அடித்துப் பார்ப்பான். படகு ஓட்டுவதற்கு ஒரு கடதாசியும் இல்லை. நாலு இடத்தில் கேட்டேன். இல்லை, நீங்கள் ஓட்டலாம் என்றார்கள். பதினைந்து வருடத்தில் இந்த அரசாங்கம் என்னை நம்பி விட்டது அந்த ஒரு விஷயத்தில்தான்.

3

இனி என் மகள் சுமதியின் சங்கதி. அவள் மருந்துக்கடையில் பார்மசிஸ்ட். அப்போது இருபத்தேழு வயது. மூன்று சம்பந்தம் வந்து மூன்றும் குழம்பியது. முதலில் பெண்ணைப் பிடிக்கும், படிப்பைப் பிடிக்கும், சாதகம் பொருந்தும். பிறகு ஊரில் விசாரிப்பார்கள். லண்டனில் பக்கத்து வீட்டுக்காரன் செத்தாலும் எங்கள் ஆட்களுக்குத் தெரியாது. ஆனால் ஷெல் விழுகிற நேரத்திலும் ஊருக்கு ஆள் விட்டு, பெண்ணின் பாட்டனார் எந்தப் பகுதி, என்ன தொழில் என்று இரண்டு கிழமைக்குள் விசாரித்துவிடுவார்கள். அதன் பிறகு தொலைபேசி வராது.

நான் தரகரிடம் சொல்லி வைத்திருந்தது, என் தகப்பன் தோணி முதலாளி என்று. உண்மை அது இல்லை. ஐயா தோணியில் சமையல்காரர். நெல்லும் கூரை ஓடும் ஏற்றிப் போகும் தோணியில் பத்துப் பேருக்கு உலை வைத்தவர். இதை நான் மகளுக்கும் சொல்லவில்லை. பூமணிக்கு, அதாவது என் மனைவிக்கு, மட்டும் தெரியும்.

நாலாவதாக வந்தது தோர்ண்டன் ஹீத் பகுதிச் சம்பந்தம். மாப்பிள்ளை ரவி எஞ்சினியர். சுமதி அவனை ஒரு கலியாண வீட்டில் கண்டு கதைத்திருக்கிறாள். எதற்கும் தோளைக் குலுக்கிற பிள்ளை, இந்த முறை "ஓகே அப்பா, பேசிப் பாருங்கோ" என்றாள். அந்த ஓகேயைக் கேட்க நான் மூன்று வருடம் காத்திருந்தேன். இதுவும் குழம்பினால் இனி யாரையும் பார்க்கமாட்டேன் என்றும் சொல்லிவிட்டாள்.

ரவியின் தகப்பன் நடேசபிள்ளை ஊரில் கச்சேரியில், அதாவது அரசாங்கக் கந்தோரில், தலைமைக் கிளார்க்காக இருந்து இளைப்பாறியவர். ஞாயிற்றுக்கிழமையும் கழுத்துப் பட்டி கட்டுவார். கடைக்காரன் வீட்டில் பெண் எடுப்பதா என்று அவருக்கு ஒரு யோசனை இருப்பதாகத் தரகர் சொன்னார். அந்தக் கதை என் காதில் விழுந்ததும் நான் தீர்மானித்துவிட்டேன், பெண் பார்ப்பது வீட்டிலும் இல்லை, கோயிலிலும் இல்லை, என் படகில். நீதிபதியும் டொக்டரும் எனக்குக் கை காட்டுவதை அந்த மனிசன் பார்க்கட்டும்.

பூமணி அரிசி மா வறுத்துக்கொண்டு நின்றாள். திரும்பியும் பார்க்காமல் சொன்னாள்:

"கடலுக்குப் போறவனுக்குப் பொம்பிளை குடுக்கேலாது எண்டு என்ரை ஐயா ரெண்டு வருசம் ஒற்றைக்காலிலை நிண்டவர். நீங்கள் இஞ்சை வந்து கடலைக் காட்டிப் பொம்பிளை குடுக்கப் போறியளோ?"

இது வேற கடல் என்றேன்.

4

நாளும் நேரமும் நானே பஞ்சாங்கத்தில் பார்த்தேன். ஆனி மாதத்து ஞாயிறு. இராகுகாலம் பின்னேரம் நாலரைக்குத்தான். காலை பத்தே காலில் இருந்து பதினொன்றே கால் வரை அருமையான சுபநேரம். கோடைக்கு இவர்கள் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் தள்ளி வைப்பதையும் கழித்துத்தான் கணக்குப் பார்த்தேன். ஆர்தர் எனக்கு ஒரு சின்ன மஞ்சள் புத்தகம் தந்திருந்தார். எந்த நாள் எத்தனை மணிக்குத் தண்ணீர் ஏறும், எத்தனை மணிக்கு வற்றும் என்று அச்சடித்த புத்தகம். ஆற்றில் இறங்க முதல் இதைப் பார் என்று மூன்று தரம் சொன்னவர். நான் அதைக் கடை மேசை லாச்சிக்குள் போட்டுவிட்டேன்.

ஏன் என்றால், எங்கள் கடலில் வற்று என்பது முழங்கால் தண்ணீர் கணுக்காலுக்கு இறங்குவது. அதற்குப் புத்தகம் பார்க்கிற கடலோடி ஊரில் இல்லை. இந்த ஆற்றில் ஒரு நாளைக்கு இரண்டு தரம் தென்னம்பிள்ளை உயரத்துக்குத் தண்ணீர் இறங்கும், ஏறும். அதை நான் பார்த்தும் இருக்கிறேன். ஆனால் பார்த்ததெல்லாம் ஆர்தர் குறித்துத் தந்த நேரத்தில் போய்ப் பார்த்தது.

ஆறு பேர் படகில் ஏறினோம். நான், பூமணி, சுமதி, ரவி, நடேசபிள்ளை, அவர் மனைவி. அந்த அம்மா மயில் கழுத்து நிறத்தில் காஞ்சிபுரம் உடுத்து, குதி உயர்ந்த செருப்போடு வந்திருந்தார். காஞ்சிபுரத்துக்கு மேல் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையைப் பூட்டிவிட்டோம். நடேசபிள்ளை கோட்டுக்கு மேல் பூட்டினார், கழுத்துப் பட்டியை மட்டும் வெளியே எடுத்து விட்டுக்கொண்டார்.

நான் நினைத்தபடியே எல்லாம் நடந்தது. பத்து இருபதுக்குக் கயிறு அவிழ்த்தேன். சிப்பி வாரினவரின் பேரன் எதிரில் வந்து கை காட்டினார். கண் டொக்டர் தொப்பியைத் தூக்கினார். அவர்கள் யார் என்று நடேசபிள்ளைக்குச் சத்தமாகச் சொன்னேன். அவர் முகத்தில் ஒரு மாற்றம் வந்ததை நான் கண்டேன். சுமதியும் ரவியும் முன் பக்கத்தில் இருந்து இங்கிலீஷில் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். அத்தோடு திரும்பியிருக்கலாம்.

ஆறுதலாக இருந்து பேசுவதற்காக ஒரு சின்ன ஓடைக்குள் ஒதுக்கி நங்கூரம் போட்டேன். காற்று மறைவான இடம். பேச்சு நன்றாகத்தான் தொடங்கியது. விலைவாசி, பிள்ளைகளுக்குத் தமிழ் வராதது, இந்த நாட்டுக் குளிர், எல்லாவற்றிலும் எங்களுக்கு ஒரே அபிப்பிராயம். பன்னிரண்டு மணியளவில் படகுக்கு அடியில் மெதுவாக ஒரு முட்டல். அரை மணித்தியாலத்தில் சுற்றி வரச் சேறு. சாதாரணச் சேறு அல்ல, எருமை இறங்கினாலும் கொம்புதான் தெரியும். படகு ஒரு பக்கம் சரிந்து, நடேசபிள்ளை மெல்ல மெல்ல வழுக்கிப் பூமணியின் சாப்பாட்டுக் கூடையோடு வந்து முட்டினார்.

"மிஸ்டர் செல்லத்துரை, இது எப்ப வெளிக்கிடும்?"

"தண்ணி வந்தால் வெளிக்கிடும்."

"தண்ணி எப்ப வரும்?"

அந்தப் பதில் குட்மேய்ஸில், லாச்சிக்குள் இருந்தது.

5

கரை அணையில் நாயோடு நடந்த ஒரு வெள்ளைக்காரப் பெண் எங்களைக் கண்டு நின்றாள். நல்ல வெயில் இல்லையா என்று கேட்டாள். ஓம், நல்ல வெயில் என்றேன். ஒரு படம் எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஒரு மணியானது. அப்போதுதான் பெரிய சிக்கல் வெளிப்பட்டது. பெண் பார்க்க வருகிறவர்கள், பேச்சு முடியாமல் பெண் வீட்டில் சாப்பிடுவதில்லை. வெறும் தேத்தண்ணீர்தான். சாப்பிட்டால் சம்மதம் என்று அர்த்தம். அதற்குப் பிறகு பின்வாங்கினால் நாலு பேர் கேட்பார்கள். நடேசபிள்ளை இந்த விஷயத்தில் வலு கட்டுப்பாடு. பலகாரமும் வேண்டாம் என்று முதல் நாளே தரகர் மூலம் சொல்லி அனுப்பியவர். பூமணி எங்களுக்கென்று இடியப்பமும் சொதியும் கத்தரிக்காய்ப் பொரிச்ச குழம்பும் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். கூடை அவர் முழங்காலுக்குப் பக்கத்தில். ஆறு பேருக்கும் பசி. மணம் வருகிறது. அவர்கள் சாப்பிடாமல் நாங்கள் எப்படிச் சாப்பிடுவது? எல்லாரும் சேற்றைப் பார்த்துக்கொண்டு இருந்தோம்.

பொழுது போக்க நடேசபிள்ளை விசாரணையைத் தொடங்கினார். நேராகக் கேட்கமாட்டார், கச்சேரிப் பழக்கம்.

"உங்கடை ஊர்க் கோயில்லை எத்தினையாந் திருவிழா உங்கடை உபயம்?"

இதை ஊரில் உள்ளவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. திருவிழா நாளைச் சொன்னால் ஆள் யார் என்று தெரிந்துவிடும். இங்கே கோயிலுக்கு நான்தான் தேங்காய் கொடுக்கிறேன் என்றேன்.

"அது வியாபாரம். நான் கேட்டது உபயம்."

பூமணி தேத்தண்ணீர் வேண்டுமா என்று இடையில் விழுந்தாள். வேண்டாம் என்றார். குரல் கொஞ்சம் குழறியது. நெற்றியில் வேர்வை. கைலேஞ்சி எடுக்கப் போன கை நடுங்கிக் கோட்டுப் பையைத் தேடியது. வெயில் என்று நான் நினைத்தேன். முன்பக்கத்தில் இருந்த சுமதி ஒரு பார்வை பார்த்துவிட்டு, சரிந்த படகில் கம்பியைப் பிடித்துப் பிடித்து வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அங்கிள், உங்களுக்குச் சுகரோ? காலமை குளிசை போட்டனீங்களோ?"

அவர் மனைவிதான் ஓம் என்றார். குளிசை போட்டு, காலையில் ஒரு துண்டு பாண். பெண் பார்த்துவிட்டுப் பன்னிரண்டரைக்கு வீட்டில் சாப்பிடுவதாக ஏற்பாடு. சுமதி பிளாஸ்கைத் திறந்து கோப்பையில் தேத்தண்ணீர் ஊற்றி, சீனிப் பேணியில் இருந்து நாலு கரண்டி போட்டுக் கலக்கினாள். குடிக்கமாட்டேன் என்று தலையாட்டினார். மருந்துக்கடையில் முரண்டு பிடிக்கிற கிழவர்களை அவள் தினமும் பார்க்கிறவள். வாயில் வைத்துக் குடிக்கப்பண்ணினாள். கொஞ்ச நேரத்தில் நடுக்கம் குறைந்தது.

"இப்ப சாப்பிட வேணும் அங்கிள். சீனி கன நேரம் நிக்காது. சாப்பிடாட்டித் திருப்பியும் விழும்."

பூமணி சாப்பாட்டுக் கோப்பையில் இடியப்பம் வைத்துச் சொதி ஊற்றி நீட்டினாள். நடேசபிள்ளை அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். சீனி ஏறியதும் கச்சேரி திரும்பி வந்துவிட்டது.

"சாப்பிட முன்னம் ஒண்டு கேக்கிறன். உங்கடை ஐயாவின்ரை தோணிக்கு என்ன பேர்?"

6

ஒரு பெயர் சொல்வதற்கு எவ்வளவு நேரம்? நான் சரக்குக்குப் பெயர் வைத்து விற்கிறவன். இலட்சுமி என்றோ பார்வதி என்றோ ஒன்றைச் சொல்லியிருந்தால் அந்த மனிசன் சாப்பிட்டிருப்பார், சாப்பிட்ட பிறகு பின்வாங்க முடியாது, மகளின் காரியம் முடிந்தது. வாய் திறந்தும் விட்டேன். சுமதி இன்னும் அவர் மணிக்கட்டைப் பிடித்து, மணிக்கூட்டைப் பார்த்து நாடித் துடிப்பு எண்ணிக்கொண்டிருந்தாள். சேற்றில் சரிந்து கிடக்கிற படகில் நின்றுகொண்டு, தோணி முதலாளியின் மகன் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. பொய்க்கும் கொஞ்சம் தண்ணீர் வேண்டும்.

"ஐயாவுக்குத் தோணி இல்லை. ஆரின்ரையோ தோணியிலை சமைச்சவர். நானும் பதின்மூண்டு வயசிலை அவரோடை அரிசி கழுவப் போனனான். தரகரிட்டை நான் சொன்னது பொய்."

பூமணி நீட்டிய கோப்பையைப் பின்னுக்கு இழுக்கவும் இல்லை, முன்னுக்குக் கொடுக்கவும் இல்லை. நடேசபிள்ளையின் மனைவி தன் செருப்பைப் பார்த்தார். சுமதிதான் கதைத்தாள்.

"இதையோ அப்பா இவ்வளவு நாளும் ஒளிச்சனீங்கள்?"

நான் நடேசபிள்ளைக்குத்தான் சொன்னேன்: "அவர் சமைச்சதைச் சாப்பிட்டு ஒருத்தருக்கும் ஒண்டும் நடக்கேல்லை. இது அவரிட்டைப் பழகின சொதி. விருப்பம் எண்டால் சாப்பிடுங்கோ. இல்லாட்டி இன்னும் நாலு கரண்டி சீனி இருக்கு."

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். ஒரு பக்கம் பரம்பரை, ஒரு பக்கம் இடியப்பம். கடைசியில் கோப்பையை வாங்கினார். ஆறு இடியப்பம் என்று நான் எண்ணினேன், அவருக்குத் தெரியாமல். அதன் பிறகு எல்லாரும் சாப்பிட்டோம். நாலு மணி போலப் படகு தானாக நிமிர்ந்தது. இராகுகாலம் தொடங்க முதல் கரைக்கு வந்துவிட்டேன் என்பதை இந்த இடத்தில் பதிவு செய்துகொள்கிறேன்.

7

கிளப்புக்குப் பின்னால் கார் விடுகிற இடத்தில் நடேசபிள்ளை மிதவைச் சட்டையைக் கழற்றி, மடித்து என் கையில் தந்தார். கழுத்துப் பட்டியைச் சரி செய்தார். இடியப்பம் நன்றாக வேலை செய்திருந்தது. முகம் முழுக் கச்சேரி.

"மிஸ்டர் செல்லத்துரை, ஒண்டைத் தெளிவாச் சொல்லிப்போட வேணும். அங்கை நான் சாப்பிட்டது மருந்துக்கு. உங்கடை மகள்தான் சாப்பிடச் சொன்னவ, ஒரு பார்மசிஸ்ட் எண்ட முறையிலை. அதைச் சம்மதமா எடுக்கக் கூடாது. நாங்கள் விசாரிச்சு அறிவிக்கிறம்."

அறிவிக்கிறம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். மூன்று தரம் கேட்ட சொல். சுமதி எங்கள் வான் வண்டியின் கதவைத் திறந்து, கூடையை உள்ளே வைத்து, கதவைச் சாத்தினாள். சத்தமாகச் சாத்தவில்லை. மெதுவாகச் சாத்தினாள், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கை எடுத்துக் கும்பிட்டாவது கேட்போம் என்று ஒரு அடி வைத்தேன். நான் இதுவரை யாருக்கும் அப்படிச் செய்தது இல்லை.

ரவி காரின் மறு பக்கத்தில் நின்று சப்பாத்துச் சேற்றை ஒரு தடியால் சுரண்டிக்கொண்டிருந்தான். பத்து வயதில் இங்கே வந்த பிள்ளை. தமிழ் கொஞ்சம் யோசித்துத்தான் வரும். தலையை நிமிர்த்தாமலே கேட்டான்:

"அப்பா, எனக்குச் சுகர் இல்லையே?"

"இல்லை. ஏன்?"

"நானும் சாப்பிட்டனான். ரெண்டு பிளேட்."

ஆற்றில் கயிறுகள் பாய்மரத்தில் தட்டிக்கொண்டே இருந்தன. நடேசபிள்ளை மகனைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா, தானும் மூன்று இடியப்பம் சாப்பிட்டதாகச் சின்னக் குரலில் சொன்னார். நடேசபிள்ளை கார்க் கதவைத் திறந்தார், மூடினார், திரும்பவும் திறந்தார். உள்ளே ஏறி இருந்து பெல்ற் பூட்டி, கண்ணாடியை இறக்கி என்னைக் கூப்பிட்டார்.

"நாள் நான் பாக்கிறன்," என்றார். "நீங்கள் ஒண்டும் பாக்க வேண்டாம்."